டாப் அடிச்சும் வராதது

என்ர மனுசன்ர பேர் தயாபரன். உயிரோட இருக்கேக்க நான் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "இஞ்சருங்கோ" எண்டதோட சரி. இப்ப சொல்லுறன். செத்தவையைப் பேசக்கூடாதெண்டு சனம் சொல்லும். நான் பேசத்தான் போறன். முழுக்கக் கேட்டுப்போட்டு, பேசினது பிழையோ எண்டு நீங்களே சொல்லுங்கோ.

துணுக்காய்ப் பக்கம் எங்கட வீடு. அவற்ற தகப்பன் பொன்னையா மாமா யாழ்ப்பாணத்திலயிருந்து குளத்துத் தண்ணியை நம்பி வந்து வயல் செய்தவர். வயலோட ஒரு பட்டி மாடும் இருந்தது. விடிய எழும்பி, பட்டியில மாடு எல்லாம் நிக்குதோ எண்டு எண்ணிப் பாக்கிறது தான் இந்த மனுசன்ர சின்ன வயசு வேலை. சண்டையில மாடுகளும் போச்சு, தகப்பனும் போனார். இவர் உடையார்கட்டில பங்கருக்குள்ள கிடந்து தப்பி, முகாமுக்குள்ள இருந்து வெளியில வந்து, வவுனியாவில கம்ப்யூட்டர் படிச்சவர். எனக்குக் கலியாணம் பேசி வரேக்க கொழும்புக் கொம்பனி ஒண்டுக்கு வீட்டிலயிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார்.

என்ன வேலையெண்டால், ஊரூரா இருக்கிற மருந்துக்கடை, பலசரக்குக்கடையளின்ர பில் போடுற மெஷினுகளைத் தூர இருந்து பாக்கிற வேலை. விடிய எல்லாக் கடை மெஷினும் உயிரோட நிக்குதோ எண்டு பாக்கவேணும், விழுந்து கிடக்கிறதைத் தட்டி எழுப்பவேணும். படமும் இல்லை, அழுத்துறதுக்குப் பட்டனும் இல்லை. ஒரு கறுப்புத் திரை, அதில கட்டளையை எழுத்தில அடிக்கவேணும். அதுக்குத் தானே ஒரு புரோகிராம் எழுதிப் "பட்டி" எண்டு பேர் வைச்சார். எழுத்து இங்கிலிஷ், சொல் தமிழ். "பட்டி பார்" எண்டு அடிச்சால் கடையளை எண்ணிக் காட்டும். "பட்டி எழுப்பு" எண்டு அடிச்சுக் கடையின்ர பேரைப் போட்டால் விழுந்தது எழும்பும். திரையை மூடுற கட்டளையை "வாறன்" எண்டு மாத்தி வைச்சார். வெளிக்கிடேக்க போறன் எண்டு சொல்லக்கூடாதாம், மெஷினுக்கும் அது தானாம். விசர் மனுசன்.

முப்பத்தேழு வயசில கால் வீங்கிச்சு. எங்கட பக்கத்தில கிட்னி வருத்தம் புதுசில்லை. கிணத்துத் தண்ணியெண்டும் சொல்லுவினம், வயலுக்கு அடிக்கிற மருந்தெண்டும் சொல்லுவினம், டொக்டர்மார் ஒருத்தரும் இது தான் எண்டு திட்டமாச் சொல்லேல்ல. செல்லடிக்குத் தப்பின மனுசன் குடிச்ச தண்ணிக்குத் தப்பேல்ல எண்டு தான் நான் நினைக்கிறன். இரண்டு கிட்னியும் வேலை செய்யாது, ஆராவது ஒண்டு குடுக்குமட்டும் இரத்தத்தை மெஷினில சுத்திகரிச்சுக்கொண்டு இருக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டினம்.

செவ்வாயும் வெள்ளியும் வவுனியா. விடியக் காத்தால மாங்குளத்தில பஸ் எடுத்தால் பின்னேரம் தான் வீடு. இடக்கையில இரண்டு ஊசி ஏத்தி வைப்பினம், நாலு மணித்தியாலத்துக்கு அந்தக் கையை அசைக்கக் கூடாது. கடையள் அதுக்காகக் காத்திருக்குமே? மடியில லப்டொப்பை வைச்சு வலக்கையால மட்டும் வேலை செய்தார். அந்த வாட்டில சுகந்தினி மிஸ்ஸி எண்டு ஒரு நேர்ஸ், நல்ல பிள்ளை. "அண்ணை, படுங்கோ எண்டால் கேக்கிறியளில்லையே, இந்தப் பெட்டியைப் பறிச்சு வைக்கப் போறன்" எண்டு ஒவ்வொரு முறையும் சொல்லுவா, ஒரு முறையும் பறிச்சதில்லை.

ஒரு கையால நீளப் பேரெல்லாம் அடிக்கிறது ஆக்கினை. அப்ப தான் உந்த டாப் விசயத்தைத் தொடங்கினவர். கீபோட்டில இடப்பக்கக் கரையில டாப் எண்டு ஒரு கட்டை இருக்கு. சொல்லின்ர முதல் எழுத்தை அடிச்சுப்போட்டு அதைத் தட்டினால் மிச்சத்தை மெஷினே நிரப்பும். ஒரே ஒரு வழி தான் இருக்கெண்டால் தானா முடிக்கும். கன வழி இருந்தால் பேசாமல் நிக்கும், இரண்டாந்தரம் தட்ட எல்லாத்தையும் வரிசையாக் காட்டும். ஆனால் அதுக்குப் பட்டியைப் பற்றி என்ன தெரியும்? எந்தச் சொல்லுக்குப் பிறகு எது வரலாம் எண்டு ஒருத்தர் எழுதிக் குடுத்தால் தான் காட்டும். அதுக்கு ஸ்கிரிப்ட் எண்டு பேர், அதை அவர் அந்தக் கட்டிலில கிடந்து ஒரு கையால எழுதினார். "எழுப்பு" எண்டதுக்குப் பிறகு டாப் தட்டினால் எல்லாக் கடையும் வராது, விழுந்து கிடக்கிறது மட்டும் வரும். ஒண்டு தான் விழுந்திருந்தால் அதின்ர பேர் தானா வந்து நிக்கும்.

ஒரு வருசம் அப்பிடி ஓடிச்சு. பிறகு ஊசி ஏத்தினால் பிரஷர் இறங்கத் தொடங்கிச்சு, கண்ணைத் திறக்கேலாமல் கிடப்பார். ஒரு நாள் லப்டொப் மடியிலயிருந்து வழுகி, மிஸ்ஸி பிடிச்சவ. அடுத்த கிழமையிலயிருந்து லப்டொப் வீட்டில, செவ்வாயும் வெள்ளியும் அதுக்கு முன்னால நான். கொம்பனிக்குச் சொல்லேல்ல, ஊரில ஒருத்தருக்கும் சொல்லேல்ல. தெரிஞ்சால் வேலை போயிடும், எங்கட மகள் யதுர்ஷிகாவுக்கு அப்ப எட்டு வயசு.

ஆனால் எனக்குப் படிப்பிக்க அந்தாளுக்குப் பொறுமை இருந்தால் தானே.

"இப்ப என்னத்தை அடிக்கிறது?"

"சொன்னனான் தானே."

"எப்ப சொன்னனீங்கள்? மனசுக்குள்ள சொன்னனீங்களோ?"

"உனக்குச் சொல்லித் தாறதிலும் பாக்கக் கல்லில நார் உரிக்கலாம்."

"உரியுங்கோ பாப்பம். நான் போய் உலையை இறக்கிறன்."

மூண்டு நாள் முகம் குடுத்துக் கதைக்கேல்ல. நாலாம் நாள் கூப்பிட்டுக் கதிரையில இருத்தினார். அந்த ஸ்கிரிப்டை எனக்கெண்டு திருப்பி எழுதி வைச்சிருந்தார். "பட்டி எண்டு அடிச்சுப்போட்டு டாப்பை இரண்டு தரம் தட்டு. உன்னால என்ன செய்யலாமெண்டு வரும். ஒண்டை எடு, திருப்பித் தட்டு. முடியுமட்டும் தட்டிக்கொண்டு போ." தட்டினன். சின்னப்பிள்ளைக்குச் சோறு தீத்திற மாதிரி ஒவ்வொண்டா வந்தது. கடையையே துடைச்சுப்போடுற "அழி" எண்ட கட்டளை எனக்கு வராது. தெரிஞ்சு தான் விட்டிருக்கிறார். ஒரே ஒரு சட்டம் தான் சொன்னார்.

"டாப் அடிச்சு வராதது உனக்கு இல்லாதது. கையால அடிக்காத."

ஓமெண்டு சொன்னன். சொன்னபடியே இருந்தன். வாயால சொல்லத் தெரியாத மனுசன் இதுக்குள்ளால எவ்வளவு வடிவாச் சொல்லுறார் எண்டு எனக்குள்ள ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையில மண் விழ.

ஆஸ்பத்திரிக் கடுதாசியளையும் அதுக்குள்ள தான் வைச்சிருந்தார். மனுசன் ஒண்டையும் எறியமாட்டார், உடைஞ்ச சைக்கிள் பம்ப் கூட அலுமாரிக்கு மேல கிடக்கு. இரத்த றிப்போட், கிளினிக் காட், எல்லாத்தையும் படம் எடுத்துத் திகதி போட்டு, ஆஸ்பத்திரி எண்டு பேர் வைச்ச ஒரு பெட்டிக்குள்ள வைப்பார். "பட்டி திற ஆஸ்பத்திரி" எண்டு அடிச்சு டாப் தட்ட எல்லாம் வரிசையா வரும். டொக்டர் கேக்கிறதை நான் தேடி அவற்ற ஃபோனுக்கு அனுப்புவன். நூறு தரம் அந்த வரிசையைப் பாத்திருப்பன். ஆயிரமாயும் இருக்கும்.

என்ர கிட்னியைக் குடுக்கிறன் எண்டு நான் முதல் மாதமே சொன்னனான். இழுத்தடிச்சார். பக்கத்து வளவு அமராவதி அக்காவைக் காட்டுவார். அவ தன்ர மனுசன் கணபதி அண்ணைக்கு ஒண்டு குடுத்தவ. இரண்டு வருசத்துக்குள்ள அண்ணை செத்துப்போனார். அக்கா தண்ணிக்குடம் தூக்கேலாமல், பிள்ளையளைத் தமையன் வீட்டில விட்டுப்போட்டுத் தனிய இருக்கிறா. "ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி காணும்" எண்டு சொல்லுவார். "வாயைக் கழுவுங்கோ" எண்டு நான் சொல்லுவன். ஒரு மாதிரி வழிக்குக் கொண்டுவந்து, இருபத்திரண்டு மார்கழியில கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு பேரும் பொருத்தம் பாக்க இரத்தம் குடுத்தம். வழி நெடுக நான் தான் கதைச்சுக்கொண்டு போனன்.

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பின்னேரம் வவுனியாவால வந்தார். கால் கழுவினார். குசினி வாசல்ல வந்து நிண்டு, "சுரேகா, பொருந்தேல்லையாம்" எண்டார். "டொக்டர் ஃபோன் எடுத்துச் சொன்னவர்." நான் அடுப்படியில இருந்து குழறினன். அவர் பக்கத்தில குந்தி என்ர முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "உன்னால ஏலுமானதைச் செய்தனி, விடு" எண்டு தேத்தினார். ஊசிக் கையால, கட்டும் அவிழ்க்காமல்.

அதுக்குப் பிறகு வேற ஆக்களின்ர கிட்னிக்குப் பேர் பதிஞ்சுபோட்டுக் காத்திருந்தம்.

அந்த வருசம் சித்திரை வருசப்பிறப்பு வெள்ளிக்கிழமை வந்தது. கடையள் பூட்டு, அதால நானும் அவரோட வாட்டுக்குப் போனன். சுகந்தினி மிஸ்ஸிக்கெண்டு பயத்தம் பணியாரம் கொண்டுபோனன். முந்தியெல்லாம் "அக்கா, அக்கா" எண்டு கையைப் பிடிக்கிற பிள்ளை, முகத்தை நிமித்திப் பாக்கேல்ல. பணியாரத்தை வாங்கி மேசைக் கரையில வைச்சா. பிறகு கையுறையைக் கழட்டிக்கொண்டு, "எல்லாருக்கும் மனம் துணியாது தானே அக்கா. அது உங்கட பிழையில்லை" எண்டா.

கிழமைக்கு இரண்டு நாள் மனுசனைத் தனிய அனுப்பிப்போட்டு வீட்டில இருக்கிறன் எண்டு தான் குத்துறா எண்டு நினைச்சன். வீட்டில இருந்து அவற்ற வேலையைத் தான் செய்யிறன் எண்டு சொல்ல வாய் வந்தது. களவு வெளிப்பட்டிடும் எண்டு விழுங்கினன். இவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பஸ்ஸில வரேக்க, "அந்தப் பிள்ளை என்னைச் சோம்பேறி எண்டு நினைக்குது" எண்டு சொன்னன். யன்னலுக்கு வெளியில பாத்துக்கொண்டு "விடு" எண்டார்.

அடுத்த வருசம் பங்குனியில, வெள்ளிக்கிழமை, கட்டிலில வைச்சே நெஞ்சு நிண்டுபோச்சு. நான் அந்த நேரம் செட்டிகுளம் மருந்துக்கடை ஒண்டை எழுப்பிக்கொண்டிருந்தன். ஃபோன் வந்தது. கடை எழும்பினதோ எண்டு பாக்காமல் ஓடினன்.

செத்தவீட்டு எட்டுச் செலவு முடிஞ்ச அடுத்த நாள் கொம்பனி மனேச்சருக்கு ஃபோன் எடுத்து உள்ளதை உள்ளபடி சொன்னன். செவ்வாயும் வெள்ளியும் கன காலமா நான் தான் எண்டு. மனுசன் முழுக்கக் கேட்டார். பிறகு, "தங்கச்சி, அந்த இரண்டு நாளும் தான் எங்களுக்கு முறைப்பாடு குறைவு" எண்டார். வேலையை எனக்கே தந்தார். சிரிக்கிறதோ அழுறதோ எண்டு தெரியாமல் வெள்ளைச் சீலையோட கதிரையில இருந்தன்.

ஆறு மாதம் கழிச்சு மனேச்சர் ஒரு புதுக் கட்டளை குடுத்தார். "உங்கட டாப் வரிசையில நீங்களே சேருங்கோ, ஒரு வரி தான்" எண்டார். அண்டைக்குத் தான் அந்த ஸ்கிரிப்டை முதல் முதல் திறந்தன். அண்டைவரைக்கும் அது எனக்குச் சுவருக்கு அங்கால நிண்டு ஒரு ஆள் கதைக்கிற மாதிரி. இப்ப அங்கால போறன். காலமை பத்து மணி, பிள்ளை பள்ளிக்கூடத்தில.

அறுபது எழுபது வரி இருக்கும். இடைக்கிடை தனக்கெண்டு குறிப்பு எழுதியிருந்தார், வரிக்கு முன்னால ஒரு குறியைப் போட்டால் மெஷின் அதை வாசிக்காதாம். "விழுந்த கடை மட்டும்." "அழி இவவுக்கு வேண்டாம்." எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு மனுசன்ர குரலைக் கேட்ட மாதிரி இருந்தது. ஆறுதலா வாசிச்சுக்கொண்டு கீழ போனன்.

ஆஸ்பத்திரிப் பகுதி வந்தது. அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் காட்டு எண்டு ஒரு வரி. அதுக்கு அடுத்த வரி, இரண்டு பேரைச் சொல்லி, இதுகளை மட்டும் விட்டிடு. சு-கடிதம். சு-பதில். அதுக்கு மேல ஒரு குறிப்பு.

"இது சுவின்ர கண்ணில படக்கூடாது."

என்னை அவர் சு எண்டு கூப்பிட்டதில்லை. அடிக்க நேரமில்லாததால சுருக்கி எழுதியிருக்கிறார். எனக்கு முதல் வந்தது கோபமில்லை, பயம். வேற பொம்பிளையோ எண்டும் ஒரு நினைப்பு ஓடிச்சு, பொய் சொல்லேல்ல. எழும்பிப் போய்த் தண்ணி குடிச்சுப்போட்டு வந்து, பட்டி திற ஆஸ்பத்திரி எண்டு அடிச்சன். டாப் தட்டினன். எல்லாம் வந்தது, அது இரண்டும் வரேல்ல. அப்ப தான் விளங்கிச்சு, முழுக்கக் கையால அடிக்கவேணும். அவர் அடிக்காத எண்டு சொன்னதை அடிச்சன். அவசரத்தில ஒரு எழுத்து விட்டுப்போச்சு. அப்பிடியொண்டும் இல்லை எண்டு திரை சொல்லிச்சு. ஒரு மூச்சு ஆறுதல் வந்தது. ஒவ்வொரு எழுத்தாப் பாத்துத் திரும்ப அடிச்சன்.

கண்டியிலயிருந்து ஈமெயிலில வந்த கடிதம். இங்கிலிஷ் தான், ஆனால் எனக்கு விளங்கிற இங்கிலிஷ். உங்கள் மனைவியின் சிறுநீரகம் உங்களுக்குப் பொருந்துகிறது. மிகுதிச் சோதனைகளுக்கு இருவரும் மாசி மாதம் இரண்டாம் கிழமை வரவும். பிரதி, வவுனியா வாட்டுக்கு. திகதி தை இருபத்துநாலு, இருபத்துமூண்டு. நான் கலண்டரில பாத்தன், செவ்வாய்க்கிழமை.

மற்றதைத் திறந்தன். அதே செவ்வாய், பகல் பதினொண்டேகாலுக்கு அனுப்பின பதில். அதுவும் வாட்டுக்கு ஒரு பிரதி. இடக்கையில ஊசியோட கிடந்து, வலக்கையில ஃபோனைப் பிடிச்சு எழுதியிருப்பார். "என்னுடைய மனைவி சிறுநீரகம் கொடுக்க விரும்பவில்லை. தயவுசெய்து அவருடன் இதைப்பற்றிக் கதைக்க வேண்டாம். தயாபரன்."

அந்த நேரம் நான் இந்தக் கதிரையில இருந்து அவற்ற கடையளை எண்ணிக்கொண்டிருந்தன்.

முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைச்ச மனுசன். மறைச்ச சோத்தை எனக்கே தீத்தியிருக்கிறார். பதினாலு மாதம். அதில எத்தினை செவ்வாய், எத்தினை வெள்ளி, ஒரு நாளாவது வாய் திறந்திருக்கலாம். அமராவதி அக்காவை மாதிரி நான் ஆகக்கூடாதெண்டு தான் செய்தவர், அது எனக்குத் தெரியாதெண்டில்லை. பிள்ளைக்கு ஒராளாவது மிஞ்சவேணும் எண்டு பாத்திருக்கிறார். சரி, வேண்டாமெண்டு தன்ர பேரில எழுதியிருக்கலாமே? எனக்கு வேண்டாம், நான் எடுக்கமாட்டன் எண்டு. எழுதினால் டொக்டர்மார் கூப்பிட்டுக் கதைப்பினம், என்னையும் கூப்பிடுவினம், நான் விடமாட்டன் எண்டு அவருக்குத் தெரியும். அதால நான் வாய் திறக்க முதல் என்ர பதிலைத் தானே எழுதிப்போட்டார். என்ர கிட்னி, என்ர வாய், என்ர மனுசன். ஒண்டையும் என்னட்டைக் கேக்கேல்ல.

சுகந்தினி மிஸ்ஸி அண்டைக்கு ஏன் நிமிந்து பாக்கேல்ல எண்டு அப்ப தான் விளங்கிச்சு. அந்தப் பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறா. கிட்னி குடுக்க மாட்டனெண்ட பொஞ்சாதிக்கு. நான் பணியாரத்தைக் குடுத்துப்போட்டு நிண்டு தலையாட்டியிருக்கிறன்.

அண்டைக்கு முழுக்கப் பேசினன். மாலை போட்டிருந்த படத்தைப் பாத்து, நாய் பேய் எண்டெல்லாம் பேசினன். அறுவான், என்னைக் கொலைகாரியாக்கிப்போட்டுப் போட்டானே எண்டு கத்தினன். அமராவதி அக்கா வேலிக்கு அங்கால வந்து நிண்டு கேட்டுக்கொண்டிருந்தா. கையில வாளி, அரைவாசித் தண்ணி தான் இருந்தது.

இரண்டு நாள் கழிச்சு ஸ்கிரிப்டைத் திரும்பத் திறந்தன். மனேச்சர் சொன்ன வரியைச் சேத்தன். பிறகு அந்த "விட்டிடு" வரியை அழிச்சன். குறிப்பை அழிக்கேல்ல, அது அவற்ற கை. டாப் தட்டிப் பாத்தன், அது இரண்டும் வரேல்ல. திரையை மூடித் திறந்தால் தான் புதுசை வாசிக்கும் எண்டது பிறகு ஞாபகம் வந்தது. வாறன் எண்டு அடிச்சு மூடினன். திரும்பத் திறந்து, பட்டி திற ஆஸ்பத்திரி, டாப், டாப். றிப்போட் எல்லாம் திகதி வாரியா வந்து, கடைசியில அது இரண்டும் வந்து நிண்டது.

இப்ப ஒவ்வொரு தரமும் வருது. யதுர்ஷிகாவுக்குப் பத்து வயசு, பள்ளிக்கூடத்தால வந்தால் பக்கத்தில இருந்து தானும் டாப் தட்டிப் பாப்பாள். இன்னும் அந்தப் பெட்டிக்குள்ள போகேல்ல. போவாள். கொம்மா தான் குடுக்கேல்ல எண்டு ஆரும் அவளுக்குச் சொல்ல முதல் அவள் அதைத் திறந்து வாசிக்கவேணும். வாசிச்சுப்போட்டுத் தகப்பனைப் பேசுறாளோ, என்னைப் பேசுறாளோ, அது அவளின்ர பாடு. பதிலுக்குக் கீழ இருக்கிற பேர் என்ரயில்லை.